ஃப்ளாரன்ஸில் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. கைபேசியில் பார்த்தபோது மேசைமேல் என்ன இருக்கிறதென்றே தெரியவில்லை. அப்பாதான் கணினியில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினார். ப்ளாவுடில்லா நெல்லி என்ற கன்னியாஸ்திரி வரைந்த ஏழு மீட்டர் நீள இறுதி இராவுணவு ஓவியத்தை நம் வீட்டுத் திரையில் பார்த்ததையெல்லாம் பார்த்த கணக்கில் நீ சேர்க்க மாட்டாய், தெரியும். விசா வாங்கிக்கொண்டு அங்கே வரும்வரை எங்களுக்கு இதுதான்.

படங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: "கூண்டுக்குள்ள இருந்துகிட்டே இவ்வளவு பெருசா வரைஞ்சிருக்காங்கம்மா." அவள் இருந்த கன்னியர் மடத்தைக் கூண்டு என்கிற அந்தப் பேச்சு எனக்கு ஒப்பவில்லை. போனில் ஆரம்பித்தால் "வகுப்பு இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைக்கிறது. நீ இருக்கும் ஊரைப் பற்றி நீ நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே படித்து வைத்திருக்கிறேன்.

ப்ளாவுடில்லா நெல்லி பிறந்தது 1524-இல். ஆடம்பரத்தையெல்லாம் விடச் சொல்லி அந்த ஊரையே ஆட்டிவைத்த துறவி சவனரோலா அதற்கு 26 வருடம் முன்பே இறந்துவிட்டார். ஆனாலும் அவரை விட்டுவிட்டு அவள் கதையைச் சொல்ல முடியாது. சிஞ்ஞோரியா சதுக்கத்துத் தரையில் வட்டமாக ஒரு கல் பதித்திருக்கிறார்களே, நீயும் அதன்மேல் நடந்திருப்பாய். 1498 மே 23 அன்று அவரையும் உடனிருந்த இரண்டு துறவிகளையும் தூக்கிலிட்டு எரித்த இடம் அது. யாரும் எடுத்து வைத்துக் கும்பிட்டுவிடக் கூடாது என்று சாம்பலைக்கூட ஆர்னோ ஆற்றில் கொட்டினார்கள். அதற்கு முந்தைய வருடம், 1497 பிப்ரவரி 7 அன்று, அதே சதுக்கத்தில் அவருடைய ஆட்கள் மூட்டிய தீயைப் பற்றி உனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி, பூச்சு மை, பொய்முடி, சீட்டுக்கட்டு, பகடை, முகமூடி, லூட் வாத்தியம், பொக்காச்சியோவின் கதைகள், ஆடையில்லாத உருவங்கள் வரைந்த படங்கள் என்று எல்லாவற்றையும் கோபுரமாக அடுக்கிக் கொளுத்தினார்கள். இவற்றை வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தவர்கள் சிறுவர்கள். பக்தியின் பெயரால் சின்னப் பையன்களை வாசலுக்கு வாசல் அனுப்பி வசூல் செய்வது எந்த ஊரிலும் நல்ல அறிகுறி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தீயில் தன் படங்களைத் தானே கொண்டுவந்து போட்டவர்களில் பாச்சோ தெல்லா போர்த்தா என்ற இளம் ஓவியரும் ஒருவர் என்று, ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிவைத்த வசாரி சொல்கிறார். ஆடையில்லாத உடலைப் பார்த்துப் பார்த்துப் பழகி வரைந்த தாள்கள். எத்தனை இரவு உழைப்போ! 1500-இல் அவர் துறவு பூண்டு ஃப்ரா பார்த்தொலொமேயோ ஆனார். சில வருடம் தூரிகையைத் தொடவே இல்லை. அப்புறம் சவனரோலா இருந்த சான் மார்கோ மடத்தின் ஓவியப் பட்டறையை ஏற்று மறுபடி வரைய ஆரம்பித்தார். 1517-இல் அவர் இறந்தபோது கட்டுக்கட்டாகத் தாள்கள் மிஞ்சியிருந்தன. துணி மடிப்பு விழும் விதம், நீட்டிய கை, குனிந்த தலை எல்லாவற்றுக்கும் வரைந்து பார்த்த தாள்கள். அவை அவருடைய சீடர் ஃப்ரா பாவோலீனோவிடம் போய், அங்கிருந்து சாந்தா கத்தரினா மடத்தில் "வரைகிற கன்னியாஸ்திரி" ஒருத்தியிடம் வந்து சேர்ந்தன. அவள்தான் நம் ப்ளாவுடில்லா. குருவிடம் போய்ப் படிக்க வழியில்லாத பெண்ணுக்கு அந்தக் கட்டுதான் குரு. அதிலிருந்து சுமார் 500 கோட்டோவியங்கள் இப்போது நெதர்லாந்தில் ரோட்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ரயிலில் ஐரோப்பா சுற்றுவதாகச் சொன்னாயே, அங்கே ஒரு நாள் இறங்கு.

சரி, 14 வயதுப் பெண் ஏன் மடத்துக்குப் போனாள்? இதை நீ கேட்கவே இல்லை. எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான். காரணம் என் தொழில் புத்தியாகவும் இருக்கலாம்.

அவள் அப்பா பியரோ நெல்லி துணி வியாபாரி. பெண்கள் இருக்கிற வீடு. அந்த ஊரில் வரதட்சணை ஏறிக்கொண்டே போன காலம். எப்படிப்பட்ட ஊர் என்றால், பெண்ணுக்குச் சீர் சேர்க்க நகர அரசே 1425-இல் ஒரு நிதி ஆரம்பித்தது. தொடக்கத்தில் 100 ஃப்ளோரின் (அந்த ஊர்த் தங்கக் காசு) போட்டால் பதினைந்து வருடம் கழித்து 500 கிடைக்கும் என்று கணக்கு. கூட்டிப் பார்த்தேன், வருடத்துக்குப் பதினோரு சதவீதத்துக்குமேல் கூட்டு வட்டி வருகிறது. எந்தச் சேமிப்புத் திட்டமும் இவ்வளவு தாராளமாகக் கொடுத்து நிலைத்ததாக என் அனுபவத்தில் இல்லை. அந்த நிதியும் பிற்பாடு தடுமாறத்தான் செய்தது. முதிர்ந்த பணம் பெண்ணின் கையில் வராது, மாப்பிள்ளையிடம் போகும். மடமும் ஒரு தொகை கேட்கும், ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பதில் ஒரு சிறு பங்குதான். அதனால் வசதியான வீடுகளே ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு அடுத்தவளை மடத்தில் விட்டன. யாரும் அவளிடம் இஷ்டமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். 1538-இல் ப்ளாவுடில்லா உள்ளே போனாள். அவள் அக்கா தங்கை உறவில் ஒருத்தியும் அதே மடத்தில் பெத்ரொனில்லா என்ற பெயரில் இருந்தாள். அவள் உட்கார்ந்து பிரதி எடுத்த நூல் என்ன தெரியுமா? சவனரோலாவின் வாழ்க்கை வரலாறு.

அது சாதாரணக் காரியம் இல்லை. போப்பாண்டவர் சபையைவிட்டு விலக்கி வைத்தவர் சவனரோலா. 1545-இல் ஊரை ஆண்ட கோசிமோ டியூக், சவனரோலாவுடைய நினைப்பு இன்னும் போகவில்லை என்று சான் மார்கோ துறவிகளையே கொஞ்ச காலம் மடத்தைவிட்டு வெளியேற்றினார். அவர் பெயரைச் சொன்னாலே சந்தேகப்படுகிற ஊரில், சான் மார்கோவுக்குப் பக்கத்திலேயே இந்தப் பெண்கள் அவரைப் போற்றிக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் உன் கூண்டு பொருந்தவில்லை என்கிறேன். படங்களை எரிக்கச் சொன்ன அதே மனிதர், மடத்துப் பெண்கள் சும்மா உட்கார்ந்து சோம்பிப் போகாமல் பக்திப் படங்கள் வரையட்டும் என்றும் சொல்லியிருந்தார். சாந்தா கத்தரினா அவருடைய வழியில் நடந்த மடம். அதனால் அங்கே வரைவது பாவமில்லை, கடமை. ப்ளாவுடில்லா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். மற்ற சகோதரிகளுக்குக் கற்றுக்கொடுத்தாள், பட்டறையே நடத்தினாள். ஊரில் கனவான்கள் வீடுகளில் அவள் படங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று சொல்லப் புகுந்தால் அலுத்துவிடும் என்று வசாரியே 1568 பதிப்பில் எழுதுகிறார். மூன்று முறை மடத்துத் தலைவியாக இருந்தாள். கல்யாணமாகி வெளியே இருந்திருந்தால்? எட்டுப் பிரசவம், மாமியார், சமையலறை. ஏழு மீட்டர் கேன்வாஸை எந்த முற்றத்தில் விரித்திருப்பாள்?

இதனால் மடத்தில் எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. ஆண்களைப் போல உயிருள்ள உடலைப் பார்த்து வரையும் வாய்ப்பு இருந்திருந்தால் அற்புதங்கள் செய்திருப்பாள் என்று வசாரி சொல்வது வெறும் பாராட்டு இல்லை, கணக்கில் விழுந்த பள்ளம் அது. வேண்டிய மட்டும் பார்க்கக் கிடைத்ததால் அவள் வரைந்த பெண் முகங்கள் நன்றாக இருக்கின்றன, ஆண் முகங்கள் அவ்வளவு இல்லை என்றும் அவர் சொல்கிறார். நீ அனுப்பிய படத்தில் எனக்கும் அப்படித்தான் பட்டது. இயேசுவின் மார்பில் சாய்ந்திருக்கும் யோவான் பெண் மாதிரியே இருக்கிறார். 1563 டிசம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கன்னியர் மடங்களின் கதவை இன்னும் இறுக்கியது. படங்கள் எப்படி இருக்க வேண்டும் என்றும் அதே கூட்டத்தில்தான் விதி போட்டார்கள். வடக்கே புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள் தேவாலயங்களில் சிலைகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள், 1566-இல் ஆண்ட்வெர்ப்பில் பெரிய அளவில் நடந்தது. படமே வேண்டாம் என்று ஒரு பக்கம், இப்படித்தான் இருக்கணும் என்று இன்னொரு பக்கம். ஏறக்குறைய அந்த வருடங்களில்தான் இவள் தன் மடத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்காக இறுதி இராவுணவை வரைந்திருக்கிறாள்.

இப்போது அந்த மேசைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்ததே அதுதான். முதலில் விரிப்பு. வெள்ளைத் துணியில் மடித்து வைத்த கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. அலமாரியிலிருந்து அப்போதுதான் எடுத்து உதறிப் போட்ட மாதிரி. ஆண் ஓவியர்களில் துணி மடிப்பை இப்படிப் பார்த்தவர்கள் உண்டா என்று உன் ஆசிரியரிடம் கேள். எனக்கென்னவோ விரிப்பைத் துவைத்து மடித்த கைதான் இதை வரைந்தது என்று தோன்றுகிறது. அப்புறம் சாப்பாடு. வறுத்த ஆட்டுக்குட்டி, ரொட்டி, ஒயின் எல்லாம் சரி. பச்சைப்பசேலென்று லெட்யூஸ் கீரை, அவரை மாதிரிப் பயறு! பன்னிரண்டு திருத்தூதர்களுக்கும் பசிக்கும் என்று நினைத்து வரைந்திருக்கிறாள். பந்தியில் யாருக்கு எது எட்டும் என்று பார்த்து வைக்கிற ஆள் அவள். யூதாஸைக்கூடப் பட்டினி போடவில்லை.

மேலே இடது மூலையில் தன் பெயரை எழுதி, வரைந்தவளுக்காக மன்றாடுங்கள் என்று லத்தீனில் கேட்டிருக்கிறாள். அவள் இருந்த காலத்தில் இந்த அளவில் இந்தக் காட்சியை வரைந்த வேறு பெண் நமக்குத் தெரிந்து இல்லை. காஸ்தாஞ்ஞோ, கிர்லாந்தாயோ, அந்திரேயா தெல் சார்த்தோ என்று ஆண்கள் தங்கள் திறமையைக் காட்டுகிற களம் இது. நீ இன்னும் சாந்த் அப்பொலோனியா மடத்துக்குப் போகவில்லை என்றால் போ, சான் மார்கோவிலிருந்து நடக்கிற தூரம்தான். காஸ்தாஞ்ஞோ 1447-இல் கன்னியாஸ்திரிகள் சாப்பிடும் கூடத்தில் வரைந்தது. அது மூடிய மடமாக இருந்ததால் வெளியாட்கள் நெடுங்காலம் பார்க்கவே முடியாத ஓவியம். பார்த்துவிட்டு, இரண்டு மேசைகளில் எதில் உட்கார்ந்து சாப்பிடுவாய் என்று எழுது.

நெல்லியின் கேன்வாஸைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிப் போட்டுவைத்த காலமும் உண்டு என்று படித்தபோது வயிறு எரிந்தது. நான்கு வருடம் பெண்களே சேர்ந்து அதைச் சீர்செய்து 2019 அக்டோபரில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்து அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள் என்பது உனக்குத் தெரிந்த கதை. நீ அந்த ஊருக்குப் போனதே அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தானே. ஒவ்வொரு திருத்தூதரையும் ஒருவர் தத்தெடுத்துப் பணம் கொடுக்கலாம் என்று நிதி திரட்டினார்களாமே, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

பணம் என்றதும் ஒரு விஷயம். உன் பெயரிலும் என் பெயரிலும் சேர்த்துப் போட்டிருந்த வைப்பு நிதி அடுத்த மாதம் முதிர்கிறது. அது உன் கல்யாணத்துக்கென்று போட்டது. அத்தைக்கும் தெரியும், அதனால்தான் வரும்போதெல்லாம் "எப்போ முதிருது" என்று கேட்கிறாள். அதை உன் இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள். அப்பாவிடம் பேசியாகிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பகுதிநேர வேலையை விடச் சொல்லு" என்றார். கல்யாணம் எப்போது வேண்டுமோ அப்போது பேசிக்கொள்ளலாம். அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வெளிநாட்டில் இருப்பதால் கணக்கின் வகையை மாற்ற வேண்டும் என்கிறார்கள். கிளை மேலாளர் என்னிடம் வேலை பழகியவர்தான், ஆனாலும் விதி விதிதான். இதனுடன் இரண்டு படிவங்கள் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறியிட்ட இடங்களில் மட்டும் கையெழுத்துப் போடு, கறுப்பு மையில், கட்டத்துக்கு வெளியே போகாமல், பான் அட்டையில் இருக்கிற மாதிரியே. ஓவியக்காரி கையெழுத்தெல்லாம் அங்கே செல்லாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசாப் பக்கம் மூன்றையும் நகலெடுத்துச் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா