வெள்ளம் என்றால் தண்ணீர்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு காலை

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

வியாழக்கிழமை டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பியபோது உன் கடிதம் திண்ணையில் கிடந்தது. அன்று கண்ணைத் திறக்கவே தெம்பில்லை, மறுநாள்தான் படித்தேன். உனக்கும் சிறுநீரகம் கைவிட்டு, டயாலிசிஸ் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது என்ற செய்தியை, பேத்தியின் காதுகுத்துக்கும் மாட்டு விலைக்கும் பிறகு, கடைசிப் பத்தியில் ஒளித்து வைத்திருக்கிறாய். பத்தாம் வகுப்பில் தவறியதையும் நீ எங்களிடம் இப்படித்தான் சொன்னாய்.

ஆனால் என்னைத் திடுக்கிட வைத்தது அது இல்லை. இரவில் படுத்தால் இருமல் வருகிறது, எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது என்று எழுதி, சளி மருந்து குடிப்பதாகச் சொல்கிறாய். அதற்கு நாலு வரி தள்ளி, சோறு வாயில் வைக்கப் பிடிக்கவில்லை என்கிறாய். அப்புறம், எடை மட்டும் கச்சிதம், ஒவ்வொரு முறையும் 62 கிலோவில்தான் இறங்குகிறேன் என்று ஒரு பெருமை. இந்த மூன்றும் ஒரே கதை, பழனிச்சாமி. போன ஆடியில் எனக்கு நடந்த கதை. சளி மருந்தை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த முறைக்குக் காத்திராமல், நாளைக்கே டாக்டரிடம் போய் இதைச் சொல். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ஆடியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு மாதம் கஞ்சியும் ஊறுகாயுமாக ஓட்டினேன். டயாலிசிஸ் முடிந்து தராசில் ஏறினால் 58, எப்போதும்போல 58. அதுதான் எனக்குக் குறித்துக் கொடுத்த உலர் எடை, அதாவது உடம்பில் மிச்சத் தண்ணீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடை. எனக்கும் திருப்தி, அவர்களுக்கும் திருப்தி. ஆனால் பிரஷர் 170க்குக் கீழே வர மறுத்தது. ஒரு மாத்திரை கூட்டினார்கள், பிறகு இன்னொன்று. ராத்திரியில் ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. கடைசியில் சாய்வு நாற்காலியில்தான் தூக்கம்.

டயாலிசிஸ் செய்கிற இடத்தில் நெம்மாறைப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், சின்னப் பெண். ஒருநாள் ஊசி குத்த வந்தவள் என் சட்டைக் காலரைப் பார்த்தாள். கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இரண்டு விரல் போகும் அளவுக்குத் தொளதொளவென்று இருந்தது. உடனே குனிந்து என் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டை விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் பதிந்த மாதிரி. "மாம்சம் போயி, வெள்ளம் கயறி" என்றாள் மலையாளத்தில், சதை போய்த் தண்ணீர் ஏறிவிட்டது என்று. ஐம்பது வருடம் இந்தக் கேரள எல்லையில் குடியிருந்தும் மலையாளத்துக்காரர்கள் வெள்ளம் என்று சொன்னால் என் மனதில் முதலில் ஆற்றுப் பெருக்குதான் வரும். அவர்களுக்கு அது குடிக்கும் தண்ணீர். அன்றைக்கு மட்டும் இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

விஷயம் இவ்வளவுதான். சாப்பிடாமல் இரண்டு கிலோ சதை கரைந்துவிட்டது. அந்த இடத்தில் இரண்டு கிலோ தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. தராசுக்குச் சதை எது, தண்ணீர் எது என்று தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூலத்தறைத் தடுப்பணையில் லஸ்கராக, அதாவது மதகுப் பணியாளனாக இருந்து நீர்மட்டம் குறித்தவன் நான். மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வரவேண்டும் என்ற 1970ஆம் ஆண்டு பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தை மனப்பாடமாகச் சொல்வேன். கால்வாயில் அளவுகோல் மூன்றடி காட்டும். இறங்கிப் பார்த்தால் அடியில் ஓரடி வண்டல் இருக்கும், தண்ணீர் இரண்டடிதான். அதற்காக விவசாயிகளிடம் எத்தனை வசவு வாங்கியிருக்கிறேன்! சொந்த உடம்பில் அதே ஏமாற்று, தலைகீழாக நடந்தபோது கோட்டை விட்டேன்.

டாக்டர் எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதயத்தின் இடது கீழ் அறைச் சுவர் தடித்திருந்தது. மிச்சத் தண்ணீரையும் ஏறிய பிரஷரையும் எதிர்த்து இரவும் பகலும் தள்ளித் தள்ளி, உலக்கை பிடித்த கை முறுக்கேறுவதுபோலச் சதை போட்டிருக்கிறது. கைக்கு அது பலம். இதயத்துக்கு அது கேடு. தடித்த சுவர் விறைத்துப்போகும், இளகி இரத்தத்தை வாங்காது, தனக்கே கூடுதல் இரத்தம் கேட்கும். வாங்காமல் தேங்கிய இரத்தத்தின் அழுத்தத்தில் நுரையீரலில் நீர் கசிகிறது. நீ சளி என்று நினைக்கிற இருமலும் அதுவாக இருக்கலாம்.

சரி, இரண்டு கிலோதானே, ஒரே நாளில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள் என்றேன். டாக்டர் சிரித்தார். இயந்திரம் எடுப்பது இரத்தக் குழாய்க்குள் இருக்கும் தண்ணீரை. காலில், நுரையீரலில் தேங்கியது மெல்ல மெல்லத்தான் குழாய்க்குள் திரும்பும். அது திரும்புமுன் இயந்திரம் இழுத்துவிட்டால் பிரஷர் சரிந்து, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, இதயத்தின் ஒரு பகுதி இரத்தம் போதாமல் மலைத்து நின்றுவிடும். இது அடிக்கடி நடந்தால் அந்த இடம் தழும்பாகிப் போகும். எடைக் கிலோ ஒன்றுக்கு, மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுத்தால் இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். என் 58 கிலோவுக்கு நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டர். அன்றன்றைக்கு ஏறியதையும் இதற்குள்தானே எடுக்கவேண்டும்? அதனால் ஒவ்வொரு முறையும் இருநூறு, முந்நூறு கிராமாக இறக்கி 56க்குக் கொண்டுவந்தார்கள். எடை இறங்கிய கையோடு பிரஷர் இறங்கிவிடவில்லை, அதற்கு மேலும் ஒன்றரை மாதம் பிடித்தது. இப்போது டாக்டரே இரண்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரே தலையணையில் படுக்கிறேன்.

தண்ணீரைக் குறைப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். நீ தண்ணீரை விடு, உப்பைப் பிடி. கையில் ஏற்றுகிறார்களே சலைன், அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் உடம்பும் கிட்டத்தட்ட அதே கணக்குதான் வைத்திருக்கிறது. 9 கிராம் உப்பு உள்ளே போனால் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும்வரை தாகம் விடாது. பாலக்காட்டுச் சாலையோரத்தில் கண்ணாடி ஜாடியில் உப்பிலிட்ட நெல்லிக்காயும் மாங்காயும் வைத்திருப்பார்களே, ஒன்று தின்றால் ராத்திரி முழுக்க நாக்கு தண்ணீர் கேட்கும். இந்துப்பு சாப்பிடு என்று யாராவது வருவார்கள், அதுவும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பது இன்னும் மோசம். அதில் பொட்டாசியம் இருக்கிறது, அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுபோகும். இளநீரும் அதே காரணத்தால் வேண்டாம். தென்னந்தோப்புக்காரனிடம் இதைச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

எனக்கு முந்தைய நாள் சிறுநீர் எவ்வளவோ அவ்வளவும், அதன்மேல் அரை லிட்டரும் என்று கணக்கு. காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பி வைத்துக்கொள்கிறேன். கஞ்சி, ரசம், மோர், காபி எது குடித்தாலும் பாட்டிலிலிருந்து அதே அளவைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். செம்பருத்தி நன்றாகப் பூக்கிறது.

எனக்கு இன்றும் நாளையும் டயாலிசிஸ் இல்லாத இடைவெளி. வாரத்தில் இந்த இரண்டு நாள் இடைவெளிதான் பொல்லாதது, அது முடிகிற நாளில்தான் இதயம் அதிகம் காலை வாருகிறது. கல்யாணங்களும் சொல்லிவைத்தாற்போல ஞாயிற்றுக்கிழமையில் வருகின்றன. இன்று வேலந்தாவளத்தில் ஒரு முகூர்த்தம். மொய் வைத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவேன்.

தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு. உன்னைவிட அவள் நன்றாகக் கேட்பாள். இன்றிரவு அவளையே உன் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மீது கட்டை விரலால் பத்து எண்ணும்வரை அழுத்திப் பார்க்கச் சொல். பழைய சட்டையின் காலர் பொத்தானையும் ஒருமுறை போட்டுப் பார். இரண்டையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் என்ன எடை குறித்தார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
வேலுச்சாமி