கார்னர் பந்தும் கோல் காவலரும்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள நண்பன் மாணிக்கத்துக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உன் முட்டிவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பேரன் பள்ளிக் காற்பந்துக் குழுவில் கோல் காவலனாக நிற்பதை முன்பே எழுதியிருந்தேன். சென்ற சனிக்கிழமை, கார்னரில், அதாவது திடலின் மூலையிலிருந்து உதைக்கப்பட்டு, வந்த பந்தைக் குத்தி வெளியேற்றப் போனவன் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டான். வீட்டுக்கு வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது 2017 ஆகஸ்டுதான் நினைவுக்கு வந்தது.

சீ விளையாட்டுப் போட்டி எனும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் காற்பந்து அரையிறுதியில், 87ஆவது நிமிடத்தில், கார்னர் பந்தை நம் மலேசியக் குழுவின் தனபாலன் தலையால் முட்டி இந்தோனேசியாவை வீழ்த்தியபோது, ஒட்டுக்கடை மேசையை நீ தட்டிய தட்டில் என் தே தாரிக் தேநீர் கவிழ்ந்தது. மூன்றே நாளில், அதே ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில், தாய்லாந்தின் கார்னரைக் குத்தப் போன நம் 22 வயதுக்குட்பட்டோர் குழுவின் கோல் காவலர் பந்தைத் தம் வலைக்குள்ளேயே அனுப்பிவிட, ஒரே கோலில் தங்கம் கைநழுவியது. அன்று நீ அவரைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

நீ கோல் போட்டே பழகியவன். தோட்டத்துத் திடலில் கோல் கம்பத்தடியில் காவல் நின்றவன் நான். உள்நோக்கி வளைந்து வரும் பந்துக்கு முன்னே பாய்ந்து குத்தினால் கை முழுவதும் படும். ஓரடி தாமதித்துப் பின்வாங்கியபடி குத்தினால் கைமுட்டியின் விளிம்பில் பட்டு எங்கும் போகும். அந்த ஓரடிக்காக ஒரு பையனை ஏசுவது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை.

அத்துடன் இளையோர் காற்பந்து முடிந்துவிடவும் இல்லை. 2018 ஜனவரியில் சீனாவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் சவூதியை வென்று காலிறுதிக்குப் போனோம். தென்கொரியாவுக்கு எதிராகத் தனபாலன் சமன் செய்தும் 1-2 எனத் தோற்றோம். ஆகஸ்டில், இந்தோனேசியாவின் பாண்டுங்கில், ஆசிய விளையாட்டுப் போட்டியில், கொரியாவின் நட்சத்திர ஆட்டக்காரர் சோன் ஹியூங் மின் மாற்று ஆட்டக்காரராக இறங்கியும் அதே கொரியா நம் சஃபாவியின் இரு கோல்களால் நம்மிடம் 1-2 எனத் தோற்றது. அந்தப் போட்டியின் தங்கத்தை இறுதியில் அவர்கள்தாம் வென்றார்கள் என்பது வேறு கதை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அண்ணன் அப்புறம் விளையாடினாரா, தாத்தா?" என்றான் பேரன். விளையாடினார் என்றேன். கையுறையைக் கழற்றினான்.

தீபாவளிக்கு வரும்போது பழைய காலணியை எடுத்து வா. உன் இடக்கால் கார்னரைப் போல வளைத்தடிக்க இங்கே ஆளில்லை. அவனுக்கு ஒரு ஐம்பது பந்தாவது அடித்துக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
முனியாண்டி