பெரம்பூரிலிருந்து தமிழ் விக்கிப்பீடியப் பயனர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய தமிழ் விக்கிப்பீடியப் பயனர்களுக்கு வணக்கம்.

பெரம்பூர் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையைப் பற்றியும், அதன் தொழிலாளர்களைக் கொண்டு உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றியும் எழுதும் விருப்பத்தோடு வந்த எனக்குக் கலைக்களஞ்சிய நடைமுறைகளைப் பொறுமையுடன் கற்றுத்தந்தீர்கள். அதற்கு நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. என் தந்தையார் அங்கே நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆலையைப் பற்றி நான் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவர் சொல்லக் கேட்டதே. அவற்றைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று புதியவர்கள் உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்தில் கேட்டேன். தந்தையாரின் சொல்லை எவரும் ஐயுறவில்லை என்றும், ஆனால் படிப்பவர் எவராயினும் தாமே சரிபார்க்கும் வகையில் அச்சில் வெளிவந்த நூலோ இதழோ சான்றாக இருக்கவேண்டும் என்றும் மூத்த பயனர் ஒருவர் விளக்கினார். அத்துடன் நில்லாமல், கன்னிமாரா நூலகத்தில் எவ்வகை நூல்களைத் தேடலாம் என்றும் எழுதினார். 1918 ஏப்ரல் 27-இல் சங்கம் தொடங்கியது, பி. பி. வாடியா தலைவராக இருந்தது ஆகிய செய்திகளுக்கு அவ்வழியிலேயே சான்று கிடைத்தது. திரு.வி.க. அந்த இயக்கத்தில் தாமே பங்குகொண்டவர் என்பதால், அவருடைய தன்வரலாற்றிலிருந்து எடுப்பவற்றை அவர் கூற்றாகவே குறிக்கவேண்டும் என்ற நுட்பத்தையும் அந்த மூத்த பயனரே சொல்லித்தந்தார்.

‘இந்தியாவின் முதல் தொழிற்சங்கம்’ என்னும் தொடர் குறித்துப் கட்டுரையைப் பற்றிப் பயனர்கள் கலந்துபேசும் பேச்சுப் பக்கத்தில் நடந்த உரையாடலை நான் என்றும் மறவேன். பம்பாயில் அதற்கு முன்பே ஆலைத் தொழிலாளர் அமைப்பு இருந்ததை ஒருவர் எடுத்துக்காட்ட, அது எவ்வகை அமைப்பு என்று இன்னொருவர் வினவ, முடிவில் ‘முறையாக அமைக்கப்பட்ட தொடக்ககாலச் சங்கங்களுள் ஒன்று’ என்ற வாசகத்துக்கு அனைவரும் உடன்பட்டனர். அங்கே எடுபட்டவை சான்றுகளே; எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று எவரும் எண்ணவில்லை. வடசென்னையைப் பற்றி எழுதுவோர் பலர் ஒன்று மிகையாகப் புகழ்கிறார்கள், அல்லது இழித்துரைக்கிறார்கள். எங்கள் பகுதிக்கு இந்த நடுநிலை நோக்கு மிகவும் தேவை என்று உறுதியாக நம்புகிறேன்.

மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுவது, பேச்சுப் பக்கத்தில் நான்கு அலைக்குறிகளிட்டுக் (~~~~) கையொப்பமிடுவது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன மாற்றினோம் என்று கூறும் தொகுப்புச் சுருக்கம் எழுதுவது ஆகியவற்றைக் காட்டித்தந்தவர்களுக்கும் என் நன்றி. பழைய படம் நம் கையில் இருப்பதாலேயே அதன் பதிப்புரிமை நம்முடையதாகிவிடாது என்பதை, விக்கிப்பீடியாவுக்கான படங்களைப் பதிவேற்றும் தளமாகிய பொதுவகத்தில் ஒருவர் தெளிவாக்கினார். என் வாக்கியங்களைத் திருத்தியவர்கள் ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரு வரியிலேனும் குறித்திருந்தார்கள். முன்பின் அறியாத ஒருவருக்காக எடுத்துக்கொண்ட அந்தச் சிரத்தைக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்து, 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் தொடர்வண்டி நிலையம் பற்றிய செய்திகளுக்குச் சான்று திரட்டத் தொடங்கியுள்ளேன். அங்கும் உங்கள் திருத்தங்களை எதிர்நோக்குகிறேன்.

நன்றியுடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு புதுப்பயனர்