பிடிக்காத ஆட்டக்காரருக்கும் கைதட்டுங்கள்: சேப்பாக்கம் கேலரிக்கு ஒரு திறந்த மடல்

சேப்பாக்கத்தில் டிக்கெட் எடுத்து ஆட்டம் பார்க்கும் இளைய ரசிகர்களுக்கு,

வணக்கம். எதிரணிக்காரர் சதம் அடித்து மட்டையை உயர்த்தும்போது கேலரியில் எழும் ஊளைச் சத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறோம். ஒருவரைப் பிடிக்காமல் போவது உங்கள் விருப்பம், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் பிடிக்காதவரின் ஆட்டத்தையும் சரியாக எடைபோட முடியும். உங்களுக்கு முன்னால் இதே மைதானத்தில் உட்கார்ந்தவர்கள் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

1999 ஜனவரி 28 முதல் 31 வரை இங்கே நடந்த இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் இந்தத் தொடரை எதிர்த்து தில்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். அவ்வளவு பதற்றம். வெற்றிக்கு 271 ரன் தேவைப்பட்ட நிலையில் இந்தியா 5 விக்கெட்டுக்கு 82. அங்கிருந்து சச்சினும் விக்கெட் கீப்பர் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். முதுகு வலியோடு 136 அடித்த சச்சின் ஆட்டமிழந்தபோது வேண்டியது 17 ரன்தான். அவரையும் சேர்த்துக் கடைசி நான்கு விக்கெட்டும் 4 ரன்னுக்குள் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. அதற்குப் பிறகும் கேலரி எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரம் தலைமையிலான பாகிஸ்தான் அணியினர் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்வது அந்தக் கூட்டத்துக்குக் குறைவு. அவர்கள் நான்கு நாளும் பாகிஸ்தான் சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமான ஆஃப் ஸ்பின் போலவே கை வரும், ஆனால் பந்து வலது கை ஆட்டக்காரரைவிட்டு வெளியே திரும்பும். அந்த தூஸ்ராவோடு இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட், இரண்டு முறையும் சச்சின் உட்பட. எவ்வளவு கடினமான காரியம் நடந்தது என்று புரிந்தவர்களுக்குக் கை தானாக எழும்.

மூன்று வாரத்தில் கல்கத்தாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சச்சின் ஷோயப் அக்தர் மீது மோதி ரன் அவுட் ஆனதில் கூட்டம் கொதித்தது. கடைசி நாளில் பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு, காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆட்டத்தை முடித்தார்கள். அந்த டெஸ்ட்டில்தான் நம் ஸ்ரீநாத் 13 விக்கெட் எடுத்தார். சயீத் அன்வர் தொடக்கத்தில் இறங்கி, அணியின் 316ல் கடைசிவரை ஆட்டமிழக்காமல் 188 அடித்தார். இரண்டையும் இன்று எத்தனை பேர் பேசுகிறார்கள்? கோபம் எதிரியின் சாதனையோடு நம் வீரரின் சாதனையையும் சேர்த்து அழித்துவிடுகிறது. எங்களுக்கு அதுதான் தாங்க முடியாத வருத்தம்.

சரி, எப்படி எடைபோடுவது? முதலில் அதே ஆடுகளத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அந்தச் சென்னை டெஸ்ட்டின் இரண்டாம் இன்னிங்ஸில் வெங்கடேஷ் பிரசாத் 33 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார், பாகிஸ்தான் 286. அதில் அப்ரிதி மட்டும் 141, ஏறக்குறைய பாதி. அப்ரிதியின் பிற்காலப் பேச்சுகள் உங்களுக்கு எரிச்சல் தரலாம். அந்த 141ல் ஒரு ரன்கூட அதனால் குறையாது.

அடுத்து, அழகையும் பயனையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தைப் பலருக்குப் பிடிக்காமல் போக அவர் நிற்கும் விதமும் ஒரு காரணம். பந்து வருமுன் ஆஃப் ஸ்டம்ப் பக்கம் நகர்வார், மட்டை கல்லி (ஸ்லிப்புக்கு அடுத்த இடம்) திசையிலிருந்து இறங்கும், ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது துடிப்பு. அடுத்த முறை ஒரு ஓவர் முழுக்கப் பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பாருங்கள். பந்து வீசுபவரின் கையைவிட்டு வரும்போது தலை அசையாமல் நிற்கும். ஆஃப் ஸ்டம்ப் எங்கே என்று தெரிந்துகொண்டே எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்கிறார். சிறந்த ஷாட்களை மட்டும் வெட்டி ஒட்டிய துண்டுக் காட்சிகளில் இது தெரியாது. விட்ட பந்துகளை யாரும் அதில் சேர்ப்பதில்லை.

அவர் 2018ல் பந்தைச் சேதப்படுத்திய விவகாரத்தில் ஓராண்டு தடை பெற்றவர். 2019 உலகக் கோப்பையில் ஓவல் மைதானத்தில் நம் ரசிகர்கள் அவரைக் கேலி செய்தபோது, கைதட்டுங்கள் என்று சைகை காட்டியவர் விராட் கோலி. அதே ஆண்டு இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரில் 144, 142, 92, 211, 82, 80, 23. ஏழே இன்னிங்ஸில் 774 ரன். தொடர் முழுக்கக் கத்திய இங்கிலாந்துக் கூட்டம், கடைசி டெஸ்ட்டில் அவர் 23 ரன்னில் வெளியேறும்போது எழுந்து நின்றது.

நடத்தைக்கு ஒரு கணக்கு, ஆட்டத்துக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக வையுங்கள். ஆனால் ஏமாற்றி எடுத்த விக்கெட்டையோ ரன்னையோ ஆட்டக் கணக்கிலிருந்தும் கழிக்கத்தான் வேண்டும். சிக்கலானவர் பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஆமிர். 2010 லார்ட்ஸ் டெஸ்ட்டில் அவர் பணத்துக்காக வீசிய நோபால்களை மன்னிக்கும்படி நாங்கள் யாரையும் கேட்க மாட்டோம். ஐந்தாண்டுத் தடையை முடித்துத் திரும்பியவர், 2017 சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் மூன்றாவது பந்திலேயே ரோஹித்தை எல்பிடபிள்யூ ஆக்கினார். கோலிக்கு ஸ்லிப்பில் கேட்ச் தவறியது, அடுத்த பந்திலேயே பாயின்ட்டில் பிடிபட்டார். பிறகு தவான். 6 ஓவர், 16 ரன், 3 விக்கெட். நமக்கு வலித்த நாள்தான். ஆனாலும் உள்ளே ஸ்விங் ஆன அந்த முதல் பந்துகள் யாரும் விலைக்கு வாங்கியவை இல்லை.

கேலரியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எதிரணிக்காரர் சதம் அடித்து மட்டையை உயர்த்தும்போது கைதட்டுங்கள். பெரிய இன்னிங்ஸ் ஆடி வெளியேறினால், அவர் எல்லைக் கயிற்றைத் தாண்டும்வரை தொடருங்கள். ஆட்டமிழந்த நொடியில் நம் பந்துவீச்சாளருக்கு ஆரவாரம் செய்வதில் தவறே இல்லை, அதை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். நன்றாக வீசிய எதிரணிப் பந்துவீச்சாளர் ஓவர் முடிந்து ஃபைன் லெக்கில் உங்கள் வேலிப் பக்கம் வந்து நிற்கும்போது, குடும்பத்தை இழுத்துத் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிறுவனிடம் அவர் சற்றுமுன் பந்து வீசிய விதத்தைச் சொல்லிக் காட்டுங்கள். 

அன்புடன்,
சேப்பாக்கத்தின் பழைய ரசிகர்கள் சிலர்