எங்கள் பாட்டு வாத்தியார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீர்காழிப் பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் இசையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பாட்டு வாத்தியார் அண்மையில் காலமானார். கச்சேரி மேடைகளில் அறியப்பட்டவர் அல்லர் என்பதால் அவருடைய மறைவு எந்த நாளிதழிலும் செய்தியாகவில்லை. அவரிடம் படித்தவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

நல்ல குரல் வாய்த்த நாலைந்து பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து ஆண்டு விழாவுக்குத் தயார்செய்வதோடு இசை வகுப்பு முடிந்துவிடும் பள்ளிகள் உண்டு. எங்கள் வாத்தியார் அதற்கு உடன்பட்டதே இல்லை. வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் பாட வேண்டும். சுருதி சேராதவன் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளாமல் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். குரல் உடையும் வயதில் மேல் ‘ச’ சுரமான சட்ஜத்தை எட்ட முடியாமல் வெட்கி வாயை மூடிக்கொண்ட பையன்களை அவர் அதட்டியதில்லை. சுருதிக் கட்டையை, அதாவது பாடும் சுருதியின் உயரத்தைக் குறைத்து அவர்களுக்கென்று தனியே சொல்லிக்கொடுத்தார். அதுவும் கூடாதவர்களைத் தாளம் போட வைத்து, அதுவும் பாட்டுதான் என்பார்.

அவர் மிகுந்த அக்கறை எடுத்துக்கொண்டது தமிழ்த்தாய் வாழ்த்தில். சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டு, 1970இல் அரசு விழாக்களுக்கென ஏற்கப்பட்ட அந்தப் பாடலுக்கு மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டமைத்தார். ஐந்தே சுரங்கள்தானே, பிள்ளைகளுக்கு எளிதுதான் என்று தோன்றும். ஆனால் ‘ம’ என்னும் மத்திமமும் ‘நி’ என்னும் நிஷாதமும் இல்லாத இடங்களைத் தாண்டும்போதுதான் பழகாத குரல் வழுக்கும் என்பதை அறிந்த அவர், ச ரி க ப த என்பதைப் பல வகுப்புகள் பாடவைத்த பின்னரே சொற்களுக்கு வருவார். சீர் பிரித்துப் பொருள் சொல்லி, எந்த இடத்தில் மூச்செடுக்கலாம், எந்த இடத்தில் எடுத்தால் சொல் சிதையும் என்று காட்டுவார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பள்ளி முழுவதும் அதை மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடை பிசகாமல் பாடியதற்கு இந்த உழைப்பே காரணம்.

அவர் ஓய்வுபெற்ற பின் அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. இப்போது ஒலிபெருக்கியில் பதிவு ஒலிக்கிறது. பிள்ளைகள் நின்று கேட்கிறார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணையோ, பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அதை 55 விநாடிகளில் பாட வேண்டும் என்கிறது. பயிற்சி அளிக்க ஆள் இல்லாமல் அந்தப் பயிற்சி எங்கிருந்து வரும்? 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாட்கள் என்று பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஒரு பையனின் குரல் உடைந்து தேறும்வரை பொறுமையாக உடனிருக்க அந்த ஏற்பாடு போதாது.

எங்கள் வாத்தியார் வேலை பார்த்தது போன்ற கிராமப் பள்ளிகளில் முழுநேர இசையாசிரியர் பணியிடங்களை நிரப்புமாறு பள்ளிக் கல்வித் துறையைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன் ஒருவன்,
சீர்காழி.