தோற்ற ஆட்டங்களைப் பிள்ளைகள் ஆராய வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கான சதுரங்கப் போட்டிகளில், தன்னைவிட ரேட்டிங் (ஆட்ட வலிமையைக் காட்டும் புள்ளி) அதிகமுள்ள ஒருவரிடம் தோற்று வெளியே வரும் பிள்ளையைப் பெற்றோர் தேற்றி, அடுத்த சுற்றுக்குள் சாப்பிட வைத்து அனுப்புகிறார்கள். தோற்ற ஆட்டத்தை மீண்டும் பலகையில் அடுக்கிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்குப் போனதும் சிலர் அதைக் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள்; எந்த நகர்த்தல் தவறு என்று அது நொடியில் காட்டிவிடுவதால், பாடம் முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள்.

வலுவானவரிடம் குதிரையைப் பறிகொடுத்த அந்த ஒரு நகர்த்தல் பெரும்பாலும் கடைசி விளைவுதான். எதிராளியின் பெயருக்கு அஞ்சித் தேவையில்லாமல் ராணிகளை மாற்றிக்கொண்டதும், நல்ல தாக்குதல் கண்ணில் பட்டும் 'இதை அவர் பார்க்காமலா இருப்பார்' என்று கைவிட்டதும் அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும். எந்த இடத்தில் என்ன நினைத்து அப்படி ஆடினோம் என்பது ஆடியவருக்கு மட்டுமே தெரியும்; எழுதி வைக்காவிட்டால் அதுவும் விரைவில் மறந்துவிடும்.

2014 நவம்பரில் ரஷ்யாவின் சோச்சியில் நார்வேயின் கார்ல்சனுக்கும் நம் ஆனந்துக்கும் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 6-ஆவது ஆட்டத்தை நான் மாணவர்களுக்குக் காட்டுவது இதற்காகத்தான். அப்போது கார்ல்சனின் ரேட்டிங் 2863, ஆனந்தின் ரேட்டிங் 2792. தமது 26-ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவை டி2 கட்டத்துக்குக் கொண்டுவந்தது பெரும் பிழை. குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆனந்தின் கை ஓங்கியிருக்கும்; அவரோ ஏ4-க்குச் சிப்பாயைத் தள்ளி, இறுதியில் ஆட்டத்தையும் இழந்தார். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஆனந்துக்குக் கணக்கிடும் திறன் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கார்ல்சன் அங்கே அப்படித் தவறுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனந்துக்கே இது நேர்ந்தது என்றால், பத்து வயதுப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் என்ன நியாயம்?

சோவியத் உலகச் சாம்பியன் போத்வினிக் 1960-இல் தம்மைவிட 25 வயது இளையவரான டாலிடம் பட்டத்தை இழந்து, மறு ஆண்டே 13-8 என்ற கணக்கில் மீட்டார். தம் ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, அந்த ஆய்வைப் பிறரின் விமர்சனத்துக்கும் உட்படுத்த வேண்டும் என்பது அவர் விடாமல் வலியுறுத்திய வழி.

நம் பிள்ளைகளுக்கு அதற்கான வாய்ப்பே சுருங்கி வருகிறது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி, நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்தில் நகர்த்தல்களைத் தாளில் குறிப்பது கட்டாயம். குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் ஆட்டத்தில் கட்டாயமில்லை. ஒரே நாளில் முடிந்துவிடும் ரேபிட் போட்டிகளையே பிள்ளைகள் அதிகம் ஆடும்போது, தோற்ற ஆட்டம் எந்தப் பதிவும் இல்லாமல் மறைந்துபோகிறது. வென்றவரோடு உட்கார்ந்து பேசவும் நேரமோ இடமோ இருப்பதில்லை.

எனவே மாவட்ட அளவில் போட்டி நடத்துபவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டில் சில கிளாசிக்கல் போட்டிகளையாவது நடத்தி, சுற்றுகளுக்கு இடையே இரு ஆட்டக்காரர்களும் அமர்ந்து ஆராய ஓர் அறையும் சில பலகைகளும் ஒதுக்க வேண்டும். பயிற்சியாளர்களும், பிள்ளை தன் எண்ணங்களை நகர்த்தல்களின் பக்கத்தில் எழுதி முடிக்கும்வரை கணினியைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

தங்கள் வாசகர்,
சதுரங்கப் பயிற்சியாளர்,
ஈரோடு.