ஹாபிட்டும் ஹிப்பியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாயாஜால நாவல்களும் ஹிப்பி காலத்துப் புத்தகங்களும் இளைஞர்களைக் கெடுக்கின்றன, அந்த நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று போன வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். இரண்டையும் ஆசை ஆசையாகப் படிக்கிறவன் நான், பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டையும் அவர் ஒரே மூட்டையாகக் கட்டியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இங்கிலாந்தில் வந்தது 1954-55இல். 1965இல் அமெரிக்காவில் மலிவுப் பதிப்பு வந்ததும் கல்லூரி மாணவர்கள் அதன்மேல் விழுந்தார்கள், 'ஃப்ரோடோ வாழ்கிறான்' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார்கள் (ஃப்ரோடோதான் கதையின் நாயகன், ஹாபிட் என்ற குள்ள இனத்தவன்). ஆல்டஸ் ஹக்ஸ்லி தன் போதை மருந்து அனுபவத்தை எழுதிய 'தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்' புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் அதே தலைமுறைதான். இன்னொன்று, பத்திரிகைக்காரரான உங்களுக்குப் பிடிக்கும்: ஹக்ஸ்லியும் நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸும் இறந்தது ஒரே நாளில், 1963 நவம்பர் 22. அன்றைக்குத்தான் கென்னடியைச் சுட்டார்கள். மறுநாள் பேப்பரில் இந்த இருவருக்கும் எங்கே இடம் இருந்திருக்கும்?

சரி, போதை விஷயத்துக்கு வருகிறேன். ஹக்ஸ்லி 1953 மே மாதம் ஒரு காலையில் மெஸ்கலின் என்ற, மாயக்காட்சி காட்டும் போதை மருந்தை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தார், உண்மைதான். கொடுத்தவர் ஒரு மனநல மருத்துவர். ஆனால் அந்தச் சின்னப் புத்தகத்தில் அவர் எதையெல்லாம் பார்க்கிறார் தெரியுமா? ஜாடியில் மூன்று பூ, நாற்காலியின் கால், தான் போட்டிருக்கும் பேன்ட்டின் மடிப்பு. அந்த மடிப்பை அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், நாமும் கூடவே பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். படித்து முடித்த அன்று மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வேட்டியை நான் பார்த்த பார்வையைப் பார்த்து, பக்கத்து வீட்டு அம்மா "என்ன சார், கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டார். என் வயிற்றில் அப்போது காலையில் சாப்பிட்ட இட்லியைத் தவிர வேறொன்றும் இல்லை. படிக்கிறவனுக்கு எழுத்தே போதும், மருந்து வேண்டாம், சட்டமும் விடாது.

அமெரிக்கப் பத்திரிகைக்காரர் ஹண்டர் தாம்ப்ஸன் 1971இல் எழுதிய லாஸ் வேகாஸ் புத்தகத்தைப் போதைக்கு விளம்பரம் என்கிறவர்கள் பாதியிலேயே மூடி வைத்திருப்பார்கள். சிரிக்கச் சிரிக்கப் போய்க்கொண்டே இருந்து, அறுபதுகளின் கனவு அலையாக எழும்பி வந்து உடைந்து பின்வாங்கியதை ஓரிடத்தில் சொல்கிறார் பாருங்கள், அது சுத்தமான ஒப்பாரி.

மாயக்கதையின் சுகம் வேறு. அங்கே அவசரப்படக்கூடாது. வரைபடம், வம்சாவளி, எல்ஃப் என்ற சாவில்லாத இனத்துக்குத் தனி மொழி, அதற்கு எழுத்துமுறை என்று டோல்கீன் அடுக்கிக்கொண்டே போகிறார். பின்னிணைப்பைத் தள்ளிவிடலாம் என்பார்கள், நான் ஒரு மழைக்காலம் பூராவும் அதற்குள்தான் கிடந்தேன். உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ நாவலில் (1968) ஒரு பையன் தன் கர்வத்தால் ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான், அதற்குப் பயந்து ஓடுகிறான், அப்புறம் திரும்பி அதையே துரத்துகிறான். சிறுவர்களுக்கென்று எழுதியதுதான், ஆனால் வயது ஏறினால்தான் உறைக்கிறது. புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்து கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்தாரே, அதைச் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று யாராவது சொல்வோமா?

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் சனிக்கிழமை சாயங்காலம் இந்த அலமாரிகள் பக்கம் நின்றால், கன்னடத்துக்கும் இங்கிலீஷுக்கும் நடுவே தமிழும் காதில் விழும். அந்தப் பிள்ளைகள் உங்கள் பேப்பரின் ஞாயிறு புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, அங்கே சரித்திர நாவலும் சுயமுன்னேற்றமும்தான் மாறி மாறி வருகின்றன. மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்த வகைக்கு இடம் கொடுங்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர் ஒருவர், பெங்களூரு